குட்டி ஜப்பானில் இருந்து ஒரு கேள்வி... கார்ட்டூன்ல வர்ற ஜப்பான் நிஜமா?

சிவகாசிக்கு 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வைத்தவர் நேரு என்பார்கள். எங்கள் பக்கம் அந்தப் பெயரைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. காலண்டர், தீப்பெட்டி, பட்டாசு என்று வீட்டுக்கு வீடு வேலை நடந்ததைப் பார்த்து வைத்த பெயர் அது. ஆனால், பெயரைத் தாண்டியும் ஒரு சொந்தம் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தியாவுக்குத் தீப்பெட்டி ஸ்வீடனில் இருந்தும் ஜப்பானில் இருந்தும் கப்பலில் வந்து இறங்கியது. 1910 வாக்கில் கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியக் குடும்பங்கள், அங்கேயே சின்ன மிஷின்களை வைத்துத் தீக்குச்சி செய்ய ஆரம்பித்தன. உள்ளூர்க்காரர்கள் பார்த்துப் பழகினார்கள். 1922-ல் சிவகாசியில் இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் அந்தத் தொழிலைக் கற்றுவந்தார்கள். எங்கள் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு வந்த கைப்பக்குவம், ஜப்பானில் இருந்து ஒரு கை மாறி வந்ததுதான்.

எனக்கு ஊர் ஆனைக்குட்டம். திருத்தங்கல் தாண்டி விருதுநகர் பக்கம் போனால் வரும். அர்ஜுனா நதியின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. நதி என்று பெயர்தான், வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். கரிசல் காடு, சீமைக்கருவேலம், நடுநடுவே ஒன்றை விட்டு ஒன்று தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காக இந்த இடைவெளி.

இந்த ஊரில் 20 வயதைச் சுற்றி இருக்கும் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். ஷின்சானும் டோரேமானும் இல்லாத சாயங்காலம் அவர்களுக்கு இருந்ததில்லை. ஹங்காமா டி.வி-யில் ஷின்சான் தமிழ் பேசினான். நோபிதா தமிழில் அழுதான். இன்றைக்கு 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் டப்பிங்கில் தியேட்டருக்கே வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு மெட்ராஸ் தெரு தெரியாது. டோக்கியோவின் சந்து, மின்கம்பம், ரயில்வே கேட் எல்லாம் அத்துப்படி.

போன வருஷம் ஜூலையில் மூன்று வாரம் ஜப்பானில் இருந்தேன். நான் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். மிஷின் பயிற்சிக்காக அனுப்பினார்கள். கிளம்பும் முன் அக்கா மகள் ஒரு பெரிய பட்டியலை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டாள். நர்ஸிங் முடித்து விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பொண்ணு. 'மாமா, இதெல்லாம் நிஜமான்னு பாத்துட்டு வாங்க. சும்மா வெளையாட்டுக்குக் கேக்கல' என்று கடைசியில் எழுதியிருந்தாள். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஜப்பான் போகலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குச் சம்மதம் இல்லை. 'பொம்மைப் படத்தப் பாத்துட்டு நாடு விட்டு நாடு போறேங்கிறா, நீயாச்சும் சொல்லுப்பா' என்பது அக்காவின் கட்சி. அக்கா வெடி ஆபீஸில் தரைச்சக்கரம் சுற்றுகிற வேலையில் இருக்கிறாள்.

எனவே ஊர் சுற்றிப் பார்த்த கண்ணோடு, ஒரு பரீட்சைப் பேப்பரைத் திருத்துகிற கண்ணும் எனக்கு இருந்தது.

தெருவும் ரயிலும் அப்படியே

முதல் நாளே தெரிந்துவிட்டது. வெளிப்புறக் காட்சிகளில் கார்ட்டூன்காரர்கள் பொய் சொல்வதில்லை. கையகலச் சந்து, அதில் ஒழுங்காக நிற்கும் சைக்கிள்கள், முக்குக்கு முக்கு காசு போட்டால் டீயும் ஜூஸும் தருகிற மிஷின், தலைக்கு மேல் சிலந்திவலை மாதிரி மின்சார வயர். இவ்வளவு பணக்கார நாட்டில் வயரையெல்லாம் மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். இல்லை. டோக்கியோவிலேயே பெரும்பாலான தெருக்களில் வயர் தலைக்கு மேல்தான் போகிறது. ரயில்வே கேட்டில் 'கான் கான் கான்' என்று அடிக்கிற மணிச் சத்தம் கூட கார்ட்டூனில் கேட்டது போலவே இருந்தது.

சும்மா இல்லை. அங்கே படக்குழுவில் இருக்கும் ஓவியர்கள் நிஜ இடத்துக்குப் போய், ஆயிரக்கணக்கில் போட்டோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் பின்னணி வரைகிறார்கள். 'யுவர் நேம்' படம் 2016-ல் வந்தது. அதில் கடைசியில் வரும் படிக்கட்டு, டோக்கியோவில் யோட்சுயா பக்கம் சுகா கோயிலுக்குப் போகும் படிக்கட்டு. 'ஸ்லாம் டங்க்' தொடரில் கடலோரமாக ரயில் போகும் ஒரு கேட் வரும். அது கமகுராவில் இருக்கிறது. அந்த ஒரு கேட்டைப் போட்டோ எடுக்க உலகம் முழுக்க இருந்து கூட்டம் வந்து, அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் படுகிற பாடு தனிக் கதை. இப்படிக் கார்ட்டூனில் வந்த இடங்களைத் தேடிப்போவதற்கு அவர்கள் மொழியில் புனித யாத்திரை என்றே பெயர். நாம் பொள்ளாச்சியில் 'இங்கதான் அந்தப் படம் எடுத்தாங்க' என்று மரத்தைக் காட்டுவோமே, அதையே அவர்கள் நகராட்சி வரைபடம் போட்டுச் செய்கிறார்கள்.

நானும் ஒரு யாத்திரை போனேன். ஷின்சானின் ஊர் கசுகாபே. டோக்கியோவின் அசாகுசாவில் இருந்து வடக்கே ரயிலில் போக வேண்டும், சைத்தாமா மாகாணம். யோஷிதோ உசுய் என்ற ஓவியர் 1990-ல் ஷின்சானை வரைய ஆரம்பித்தார். அவர் அந்த ஊர்க்காரர். ஊரும் அவரை மறக்கவில்லை. ஷின்சான் குடும்பத்தைத் தங்கள் ஊரின் 'சிறப்புக் குடிமக்கள்' என்று பதிவே செய்து வைத்திருக்கிறது நகராட்சி.

ஊரைப் பார்த்தால் அதிசயம் ஒன்றும் இல்லை. மெட்ராஸுக்கு ஒரு செங்கல்பட்டு மாதிரி. காலையில் சட்டையை இன் பண்ணிய அப்பாக்கள் டோக்கியோ ரயிலில் ஏறுகிறார்கள், ராத்திரி களைத்துப்போய் இறங்குகிறார்கள். ஷின்சானின் அப்பா ஹிரோஷியை நினைத்துப் பாருங்கள். வீட்டுக் கடன் இன்னும் 30 வருஷத்துக்கு மேல் பாக்கி, நாறுகிற சாக்ஸ், மேலதிகாரிக்குக் கும்பிடு, சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு பாக்கெட் மணி தருகிற மனைவி. சிரிப்புக்காகப் போட்டது என்று நாம் நினைத்த எல்லாமே அங்கே நடுத்தரக் குடும்பத்தின் நிஜக் கணக்கு. என்னைக் கேட்டால், ஷின்சானில் அதிகம் நிஜமான ஆள் ஷின்சான் அல்ல, அவன் அப்பா.

ஷின்சான் மாதிரிப் பேசுகிற பிள்ளையை மூன்று வாரத்தில் நான் ஒரு இடத்திலும் பார்க்கவில்லை. 'பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சி' என்று ஜப்பானியப் பெற்றோர்களே பல வருஷம் ஷின்சானைத்தான் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே ஒரு பிள்ளை அப்படிப் பேச முடியாது என்பதால்தான் அது அங்கே நகைச்சுவை.

அந்த ஊரில் கார்ட்டூன் பெரிதாகக் காட்டாத ஒன்று மண்ணுக்கு அடியில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் ஆறுகளின் உபரித் தண்ணீரை வாங்கிக்கொள்ள 6.3 கிலோமீட்டருக்கு ஒரு சுரங்கக் கால்வாய். 2006-ல் கட்டி முடித்தார்கள். அதன் முடிவில் உள்ள தொட்டியில் 18 மீட்டர் உயரத் தூண்கள், எண்ணிக்கை 59. உள்ளே போய் நின்றால் மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தை ராட்சதர்களுக்காகக் கட்டியது போல் இருக்கும். டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். ஆற்றில் தண்ணீர் ஓடினால் அதை வேடிக்கை பார்க்கப் போகிற ஊர்க்காரனுக்கு, தண்ணீர் மேல் இவ்வளவு பயம் புரிய நேரம் பிடித்தது.

நோபிதாவின் மைதானம் எங்கே?

டோரேமானில் பிள்ளைகள் கூடும் காலி மனை ஒன்று வரும். மூன்று பெரிய சிமென்ட் குழாய்கள் அடுக்கியிருக்கும். ஜியான் அதன் மேல் ஏறி நின்று பாட்டுப் பாடிக் கொல்லுவான். அக்கா மகளின் பட்டியலில் இதுவும் இருந்தது.

அது இன்று இல்லை. டோரேமான் கதை பத்திரிகையில் ஆரம்பித்தது 1969 டிசம்பரில். அப்போது டோக்கியோவின் ஓரத்தில் பாதாளச் சாக்கடைக்காகக் குழாய் பதித்துக்கொண்டிருந்த காலம். எங்கே பார்த்தாலும் காலி மனை, எங்கே பார்த்தாலும் குழாய். கதை நடக்கும் நெரிமா பகுதியில் இன்று சென்ட் நிலம்கூட சும்மா கிடக்கவில்லை. கார்ட்டூனில் மட்டும் அந்தக் குழாய்கள் 50 வருஷத்துக்கு மேலாகப் புதைபடாமல் காத்திருக்கின்றன.

இப்படிக் கார்ட்டூன்கள் காட்டும் பல விஷயங்கள் பொய் அல்ல, பழசு. 'சசாயே சான்' என்று ஒரு தொடர். 1969 அக்டோபரில் இருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு வந்துகொண்டே இருக்கிறது. தாத்தா, பாட்டி, மகள், மருமகன், பேரன் எல்லாரும் ஒரே வீட்டில், ஒரே வட்டமேஜையில். அது முடிந்தால் நாளைக்கு வேலைக்குப் போகணுமே என்று வயிற்றைக் கலக்குகிறதாம். அதற்கு 'சசாயே சான் நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கூட்டுக் குடும்பத்தை டோக்கியோவில் இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நோபிதாவின் அம்மாவும் அப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டு அவன் 'ததைமா' என்று கத்திக்கொண்டே நுழைவான். 'ஒகாயெரி' என்று உள்ளே இருந்து அம்மா குரல் வரும். ஜப்பானில் கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள், மனைவி வீட்டில் இருக்கும் குடும்பங்களை 1990-களிலேயே முந்திவிட்டன. இன்று இரண்டு மடங்குக்கும் மேல். இதை போனில் சொன்னபோது அக்கா மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். 'மாமா, எனக்கு டோரேமான் பை மேலெல்லாம் ஆசை இல்ல. ஸ்கூல் விட்டு வந்தா அம்மா வீட்ல இருக்கும் பாத்தீங்களா, அதத்தான் வாயப் பொளந்துட்டுப் பாப்பேன்.' எங்கள் ஊரில் எந்தப் பிள்ளை வீட்டுக்கு வரும்போது அம்மா வீட்டில் இருந்தாள்? காலையில் ஆபீஸ் வேன் வந்து ஹாரன் அடித்தால் தூக்குவாளியோடு போகிறவர்கள், இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார்கள்.

பள்ளிக்கூடக் காட்சிகளில் பாதிக்கு மேல் நிஜம். பிள்ளைகள் பெரியவர் துணை இல்லாமல் தெருவில் நடந்து பள்ளிக்குப் போவது நிஜம். வாசலில் ஷூவைக் கழற்றி அலமாரியில் வைப்பது நிஜம். மதியச் சாப்பாட்டை வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகளே பரிமாறுவதும், வகுப்பறையை அவர்களே பெருக்கித் துடைப்பதும் நிஜம். நம் ஊரில் பிள்ளைகள் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தால் டி.வி-யில் செய்தி வரும், அங்கே பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால், கதாநாயகர்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து டிபன்பாக்ஸ் திறக்கிறார்களே, அது பெரும்பாலும் கதை. அநேகப் பள்ளிகளில் மாடிக் கதவுக்குப் பூட்டு.

சாப்பாடு? பார்க்க கார்ட்டூனில் மின்னுகிற அளவுக்கு மின்னாது, ருசி அதைவிட அதிகம். சைவக்காரர்களுக்கு மட்டும் கஷ்டம். காய்கறி சூப் என்று நம்பிக் குடித்தால் அடியில் மீன் சாறு இருக்கும். கார்ட்டூன் பிள்ளைகள் விழுந்து விழுந்து சாப்பிடும் 'கறி ரைஸ்' இங்கிலாந்துக்காரர்கள் வழியாக ஜப்பானுக்குப் போனது. நம் ஊர் முறைப்படி அதைச் செய்து காட்டியவர் ராஷ் பிகாரி போஸ். பிரிட்டிஷாரிடம் இருந்து தப்பி ஜப்பானில் தஞ்சம் புகுந்த அந்த விடுதலைப் போராட்ட வீரரின் குழம்பு, ஷிஞ்ஜுகுவில் நகமுராயா கடையில் 1927-ல் விற்பனைக்கு வந்தது. இன்றும் அங்கே கிடைக்கிறது.

அவர்களும் கேட்டார்கள்

பயிற்சி நடந்த இடத்தில் வயதான மெக்கானிக் ஒருவர். நான் தமிழ்நாடு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. 'முத்து! ஒதொரு மஹாராஜா!' என்றார். ரஜினியின் 'முத்து' 1998-ல் டோக்கியோ ஷிபுயாவில் வெளியாகி, மாதக்கணக்கில் ஓடிய கதை நமக்குத் தெரியும். 'ஆடும் மகாராஜா' என்பது அங்கே அதற்கு வைத்த பெயர். அவர் மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்ட அடுத்த கேள்வி: 'உங்கள் ஊரில் எல்லாரும் குதிரை வண்டியில்தான் போவீர்களா? மனம் சந்தோஷப்பட்டால் இத்தனை பேர் சேர்ந்து ஆடுவீர்களா?'

கல்யாண வீடுகளில் ஆடுவோம், வண்டி மட்டும் ஷேர் ஆட்டோ என்றேன்.

நம் பக்கத்தைப் பற்றி எடுத்த படங்களை அப்புறம் யோசித்துப் பார்த்தேன். 'சிவகாசி' என்று விஜய் படமே வந்தது, 2005-ல். அதைப் பார்த்து ஒருவருக்கு ஒரு தீக்குச்சி எப்படிச் செய்வது என்று தெரியவராது. எங்கள் ஊர்களை உள்ளது உள்ளபடி காட்டியது 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம். தீப்பெட்டி, பட்டாசு வேலையில் இருந்த சின்னப் பிள்ளைகளைப் பற்றியது. இன்று ஆலைகளில் அந்த நிலை பெருமளவு மாறிவிட்டது, பிள்ளைகள் காலேஜ் போகிறார்கள். அந்தப் படத்தை எங்கள் ஊரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். நிஜத்தைக் காட்டுகிற படத்துக்கும் ஜனங்கள் விரும்பிப் பார்க்கிற படத்துக்கும் உள்ள தூரம் ஜப்பானிலும் இங்கேயும் ஒன்றுதான்.

வெடிச் சத்தமும் ஐந்து மணிப் பாட்டும்

பட்டாசுக்காரன் ஊரில் இருந்து போனவன் வாணவேடிக்கை பார்க்காமல் வருவேனா? ஜூலை கடைசி சனிக்கிழமை, சுமிதா நதி வாணவேடிக்கை. 1733-ல் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் இறந்தவர்களுக்காக ஆற்றங்கரையில் விட்டதில் இருந்து தொடங்கிய வழக்கம் என்று சொல்லப்படுகிறது. இன்று ஒரே ராத்திரியில் சுமார் 20,000 வாணங்கள் விடுகிறார்கள்.

கார்ட்டூன் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். பூப்போட்ட யுகாதா உடுத்திய பெண், பக்கத்தில் பையன், ஆள் இல்லாத மேடு. அவள் மனதில் இருப்பதைச் சொல்லும் அந்த விநாடியில் சரியாக வெடி வெடிக்கும். 'என்ன சொன்னே?' என்பான் அவன். நிஜத்தில் சுமார் 9 லட்சம் பேர் கூடுகிற இடத்தில் ஆள் இல்லாத மேட்டுக்கு எங்கே போவது? பாலத்தில் நின்று பார்க்க முடியாது. 'நிற்காதீர்கள், நடந்துகொண்டே பாருங்கள்' என்று போலீஸ் மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் வைகை ஆற்றுக்குள் நிற்பது மாதிரி நெரிசல், ஆனால் ஒரு தள்ளுமுள்ளு இல்லை. வியர்வை மட்டும் கார்ட்டூனில் வருவது போலவே கொட்டுகிறது. விருதுநகர் வெயிலில் காய்ந்த உடம்புக்கே டோக்கியோவின் புழுக்கம் தாங்கவில்லை.

இன்னொன்று, கார்ட்டூனில் பெரும்பாலும் வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வரும். அது தப்பு. தொலைவில் வெடித்தால் பூ விரிந்து, அணைகிற நேரத்தில்தான் சத்தம் வந்து நெஞ்சில் இடிக்கும். ஆனைக்குட்டத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

2017-ல் ஒரு கார்ட்டூன் படம் வந்தது. வாணவேடிக்கையைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் அது உருண்டையா, தட்டையா என்று பையன்களுக்குள் சண்டை வந்து கதை ஆரம்பிக்கும். எங்கள் ஊர்ப் போர்மேன் ஒருவரிடம் கேட்டால் அரை நிமிஷத்தில் கதை முடிந்திருக்கும். உருண்டைதான். ஜப்பான்காரர்கள் கோளத்துக்குள் மணி மருந்தை வட்டம் வட்டமாக அடுக்குகிறார்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அதே செவ்வந்திப் பூ. மணி மருந்துக்கு அங்கே 'ஹோஷி' என்று பெயர், நட்சத்திரம் என்று அர்த்தம். வாணத்துக்குப் பெயர் 'ஹனபி', நெருப்புப் பூ. நாம் மத்தாப்பூ என்கிறோம்.

எனக்குப் பிடித்தது பெரிய வாணம் அல்ல. 'செங்கோ ஹனபி' என்று ஒன்று. மெல்லிய காகிதத்தில் துளி மருந்து வைத்து முறுக்கிய திரி. கொளுத்தினால் நுனியில் ஒரு நெருப்புச் சொட்டு தொங்கும். அதில் இருந்து முதலில் மொட்டு மாதிரி, பிறகு பைன் மர ஊசி இலை மாதிரி, பிறகு வில்லோ மரக் கிளை மாதிரி, கடைசியில் உதிரும் செவ்வந்தி மாதிரி பொறி பறக்கும். சத்தமே கிடையாது. யார் கையில் சொட்டு கடைசி வரை விழாமல் நிற்கிறது என்பதுதான் போட்டி. கார்ட்டூனில் இதை அச்சு அசலாக வரைகிறார்கள். ஜப்பானில் விற்பதில் பெரும்பகுதி இப்போது சீனச் சரக்கு. உள்ளூரில் செய்பவர்கள் சிலர்தான் மிச்சம்.

இவ்வளவு வாணவேடிக்கைக் காட்சிகளில், அதைச் செய்தவர் கையைக் காட்டிய காட்சி எனக்குத் தெரிந்து அபூர்வம். நம் தீபாவளிப் படங்களும் அப்படித்தான், குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

கார்ட்டூனில் சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும்போது எங்கிருந்தோ ஒரு பாட்டு ஒலிக்கும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். பின்னணி இசை என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே பல ஊர்களில் ஐந்து மணி வாக்கில் தெருக்கம்பத்து ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுகிறார்கள். பூகம்பம், வெள்ளம், சுனாமி எச்சரிக்கைக்காக வைத்த ஒலிபெருக்கி அது. வேலை செய்கிறதா என்று தினமும் சோதிக்க ஒரு பாட்டு, அதுவே பிள்ளைகளுக்கு வீடு திரும்பும் மணி.

இதை அக்காவிடம் சொன்னபோது வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். எங்கள் ஊரில் அப்படி எதுவும் இல்லை. தூரத்தில் 'தம்' என்று சத்தம் கேட்டால், பெண்கள் வாசலுக்கு ஓடி வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். அந்தத் திசையில் இருக்கிற ஆபீஸ் பெயரைச் சொல்லி, யார் வீட்டு ஆள் அங்கே என்று எண்ணிக்கொண்டே போனைத் தேடுவார்கள். உள்ளே போன் கொண்டுபோக அனுமதி கிடையாது, அதனால் பதில் வராது.

'வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா?' என்று அக்கா மகள் குறுக்கிட்டாள். 'இத்தே கிமஸ். அப்படியே போயிட்டு வாரேன்தான்மா. போறேன்னு சொல்ல மாட்டாங்க.' அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

கார்ட்டூனில் இல்லாத கூட்டம்

பட்டியலில் அவள் கேட்காத ஒன்றைத்தான் நான் அதிகம் பார்த்தேன். கிழவர்கள். பஸ்ஸில், சூப்பர் மார்க்கெட்டில், பூங்காவில், பகலில் எங்கே பார்த்தாலும் நரைத்த தலை. கார்ட்டூனில் ஜப்பான் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நிஜத்தில் நூறு பேரில் 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் 2023 கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சம். கசுகாபேயில் நான் நடந்த ஒரே தெருவில் செடி மூடிய வீடுகள் மூன்று பார்த்தேன். உலகத்துக்கே நீலக் கண்ணும் பச்சை முடியும் உள்ள இளம்பிள்ளைகளை வரைந்து அனுப்புகிற நாட்டில், தெருவில் விளையாடப் பிள்ளைகள் குறைவு.

அதனால்தான் எங்கள் பொண்ணுகளைக் கூப்பிடுகிறார்கள். 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் போட்டன. முதியோர் பராமரிப்பு உட்படப் பல வேலைகளுக்கு ஆள் போகலாம். ஜப்பானிய மொழியில் என்-4 அளவோ, அதற்குச் சமமான தேர்வோ, அதோடு பராமரிப்புத் தொழில் தேர்வும் பராமரிப்பு ஜப்பானியத் தேர்வும் தேற வேண்டும். இந்த விசாவில் அதிகபட்சம் ஐந்து வருஷம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அங்கே இருந்துகொண்டே அவர்களின் தேசியப் பராமரிப்பாளர் தேர்வில் தேறினால் தொடர்ந்து தங்க வழி உண்டு. ஏஜென்ட் யார், பதிவு செய்தவரா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சென்னையில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே கேட்கலாம்.

மொழியில்தான் கார்ட்டூன் காலை வாருகிறது. அக்கா மகளுக்குக் காது நன்றாகப் பழகியிருந்தது, உச்சரிப்பு சுத்தம். ஆன்லைன் வகுப்பில் முதல் வாரமே டீச்சரை 'ஒமாயே' என்று சொல்லிவிட்டாள். கார்ட்டூன் வீரர்கள் எதிரியைப் பார்த்துச் சொல்லும் 'நீ'. கலெக்டர் ஆபீஸில் போய் 'ஏலேய்' என்று கூப்பிட்ட மாதிரி. கார்ட்டூன் பேச்சை அப்படியே பேசினால் முதியோர் இல்லத்தில் ஒரு நாள் தாங்காது. அங்கே யாரும் கத்துவதும் இல்லை. ரயிலில் போன் பேசுகிறவர்கள்கூட அபூர்வம். எங்கள் விருதுநகர் பஸ்ஸில் ஒரு சீட்டில் நடக்கும் பேச்சு, அங்கே ஒரு பெட்டி முழுக்க நடக்கும் பேச்சைவிட அதிகம்.

அக்கா கடைசியாக என்னிடம் கேட்டது வேறு. 'அங்க வேலை செய்ற எடத்துல ஆபத்து உண்டாப்பா?' பூகம்பம் வரும், முதுகு வலி வரும், பாஷை புரியாமல் அழுகை வரும் என்றேன். 'வெடிக்காதுல்ல?' என்றாள். வெடிக்காது என்றேன். பாஸ்போர்ட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்தாள்.

அக்கா மகள் டிசம்பரில் சென்னையில் என்-4 எழுதுகிறாள். இப்போது டோரேமானைத் தமிழில் பார்ப்பதில்லை, ஜப்பானிய மொழியிலேயே போட்டு எழுதி எழுதிப் பார்க்கிறாள். போன வாரம் பராமரிப்புப் பாடப்புத்தகத்தைப் பிரித்து என்னிடம் காட்டினாள். டயப்பர், படுக்கைப்புண், சக்கர நாற்காலி, தூக்கமின்மை. 15 வருஷம் கார்ட்டூன் பார்த்ததில் இதில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழுந்ததில்லையாம். ஒன்றே ஒன்று மட்டும் சட்டென்று மனதில் நின்றுவிட்டது. சோறு தண்ணியை விழுங்குவதற்கு அங்கே ஆஸ்பத்திரி வார்த்தை 'எங்கே'. வயதானவர்களுக்கு அது வராமல் போவதுதான் பெரிய ஆபத்து, முதலில் அதைத்தான் கவனிக்கச் சொல்லித்தருகிறார்கள்.

'எங்கே, எங்கே' என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். 'எதைடி தேடுற?' என்கிறாள் அக்கா.